கொத்துக் கரண்டியும் அறுவைக் கத்தியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

முன்னுரை

ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, என் வகுப்புத் தோழர்கள் ஐன்ஸ்டீனையும் சர் சி. வி. இராமனையும் மேரி கியூரி அம்மையாரையும் தேர்ந்துகொண்டார்கள். நான் டாக்டர் பால் பிராண்டைத் தேர்ந்துகொண்டேன். அவர் இயற்பியல் படித்தவர் அல்லர், அறுவை மருத்துவர். ஆனால் மருத்துவர் ஆவதற்கு முன் அவர் வீடு கட்டும் தொழிலைக் கற்றவர். குளிர் நாட்டில், களிமண் நிலத்தில், கொத்தும் தச்சும் பழகிய கையோடு நம் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தியவர்.

நம்மில் பலர் நாள்தோறும் பாகாயம் என்று பலகை மாட்டிய பேருந்தில் ஏறி இறங்குகிறோம். அந்தப் பாகாயத்தில் இருபது ஆண்டுக் காலம் வாழ்ந்த ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எனக்கு அவரைப் பற்றி முதலில் சொன்னவர் ஆசிரியர் அல்லர், என் தந்தையார். என் தந்தையார் ஆம்பூரை அடுத்த ஊர்களில் கொத்தனாராக வேலை செய்கிறவர். அவருக்குச் சொன்னவர், முன்பு அவரோடு வேலை பார்த்த முதிய தச்சர் ஒருவர். அத்தச்சரைப் பற்றி இக்கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

கொல்லிமலையில் பிறப்பு

பால் வில்சன் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் பிறந்தார். தந்தையார் ஜெசி பிராண்ட்; தாயார் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறித்தவ ஊழியர்கள். 1913-இல் திருமணம் செய்துகொண்டு மலையேறினார்கள். அந்நாளில் கொல்லிமலைக்குச் சாலை கிடையாது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே போகமாட்டார்கள்.

ஜெசி பிராண்டுக்குக் கட்டட வேலை தெரியும். தம் குடும்பத்துக்கு வேண்டிய வீட்டை மரத்தால் தாமே அமைத்தார். மரச் சட்டங்களும் பலகைகளும் ஆள் தலைச்சுமையாகவே மேலே போயின. ஈரமும் கரையானும் அண்டாதபடி வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்களின்மேல் நிறுத்தினார். மலைமக்களுக்குத் தச்சு வேலையும் செங்கல், ஓடு செய்யும் வேலையும் கற்றுக்கொடுத்தார். ஓராண்டுக் காலம் மட்டுமே மருத்துவம் பயின்றிருந்தும், தம்மைத் தேடி வந்தவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டினார். சிறுவன் பாலுக்குத் தந்தையின் தச்சு வேலை பிடித்திருந்தது. சீழும் இரத்தமும் பிடிக்கவில்லை. என்ன ஆனாலும் மருத்துவன் ஆவதில்லை என்று அவ்வயதிலேயே முடிவு செய்துகொண்டான்.

மண்ணைப் பற்றிய முதற்பாடமும் அங்கேதான் கிடைத்தது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடினார்கள். வரப்பு கலைந்து சேற்று நீர் கீழ்வயலுக்கு வழிந்தது. அங்கே வந்த முதியவர் ஒருவர் அவர்களை அடிக்கவில்லை. சேற்றைக் கையில் அள்ளிக் காட்டி, இந்த மண்தான் சோறு என்றும், வழிந்து போன மண் மறுபடி மலையேறி வாராது என்றும் விளக்கினார். எழுபது வயதைத் தொட்ட காலத்திலும் பிராண்ட் இந்நிகழ்ச்சியை மறவாமல் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்.

1923-இல், ஒன்பதாம் வயதில், தங்கையோடு அவர் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மறுபடி காணவில்லை. 1929-இல் கொல்லிமலையில் கடுங்காய்ச்சல் கண்டு ஜெசி பிராண்ட் இறந்தார். தந்திச் செய்தி உடனே வந்துவிட்டது. ஆனால் தந்தை இறக்குமுன் எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் அதன் பிறகும் வாரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் மக்களையும் பற்றிய கடிதங்கள் அவை. பதினைந்து வயதுச் சிறுவன் அவற்றை எந்த மனநிலையில் படித்திருப்பான் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

குளிரும் களிமண்ணும்

பதினாறாம் வயதில் பிராண்ட் பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் படித்தது இலண்டனில் நல்ல பெயர் பெற்ற பள்ளி. மேற்படிப்புக்குப் போகத் தடை ஏதும் இல்லை. ஆயினும் தந்தையைப் போல மலைமக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டடத் தொழிலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தச்சும் கொத்தும் கற்றார்.

இலண்டன் மாநகரம் பெரும்பாலும் களிமண் படுகையின்மேல் அமைந்தது. களிமண் என்பது மிக நுண்ணிய தட்டையான துகள்களின் தொகுதி. நீரைக் குடித்தால் உப்பும்; வறண்டால் சுருங்கி வெடிக்கும். ஏரி வற்றிய கோடையில் ஏரிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அத்தகைய மண்ணின்மேல் வீடு நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மாரியில் சுவரைத் தூக்கும், கோடையில் இறக்கும். பக்கத்தில் பெருமரம் இருந்தாலோ, அதன் வேர் நீரை உறிஞ்ச உறிஞ்ச வீட்டின் ஒரு மூலை மட்டும் அமிழும். அப்போது வாசற்காலின் மேல்மூலையிலிருந்து சுவரில் குறுக்கே சாய்வாக விரிசல் ஓடும். இந்த விரிசலை என் தந்தையார் பார்த்த அளவில் சொல்லிவிடுவார். சுவர்மேல் குற்றமில்லை, கடைக்கால்மேல்தான் குற்றம் என்பார்.

பிராண்ட் தொழில் கற்ற 1930-களில் இலண்டனைச் சுற்றிலும் புதிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றில் பல ஆழமில்லாக் கடைக்கால் கொண்டவை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல் இங்கிலாந்தில் பெரும் வறட்சி வந்தபோது களிமண் சுருங்கி, அவ்வாறு கட்டிய வீடுகள் பல விரிசல் கண்டன. அதற்குப் பிறகே களிமண் நிலத்தில் ஒரு மீட்டர் ஆழமாவது தோண்ட வேண்டும் என்பது அங்கே பொது வழக்கமாயிற்று. கடைக்காலில் மிச்சம் பிடித்த பணம் பேரன் காலத்தில் வட்டியோடு போயிற்று எனலாம்.

அந்நாட்டில் மண்ணோடு குளிரும் கட்டடத்துக்குப் பகை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மண்ணுக்குள் நீர் உறைந்தால் நிலமே மேலெழும். ஆகவே உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே கடைக்கால் போகவேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு இடர் இன்னும் பெரிது. சிமெண்டும் நீரும் வேதியியல் முறையில் கூடித்தான் கான்கிரீட் இறுகுகிறது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அச்செயல் மிகவும் மந்தமாகிவிடும். இறுகுமுன் உள்ளிருக்கும் நீர் உறைந்துவிட்டாலோ கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும். பிறகு வெயிலடித்தாலும் பழைய வலிமை வாராது. அதனால் அங்கே குளிர்காலத்தில் புதுக் கான்கிரீட்டை வைக்கோலும் சாக்கும் போட்டு மூடிக் காப்பார்கள்.

நம் வேலூர் வெயிலில் கதை நேர்மாறானது. இங்கே நீர் உறையாது, ஆவியாகிப் போய்விடும். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். தூண்களுக்கு ஈரச் சாக்குச் சுற்றுகிறோம். அங்கே போர்த்துவதும் இங்கே நனைப்பதும் வெவ்வேறு செயல்களாகத் தோன்றினாலும் நோக்கம் ஒன்றே. புதிதாகப் போட்டதை முதற்சில நாள்கள் கண்ணுங்கருத்துமாகக் காக்கவேண்டும். அந்த நாள்களில் தவறவிட்டதைப் பின்னால் எந்தப் பூச்சும் மறைக்காது. இந்தப் பொறுமையைப் பிராண்ட் கட்டடத் தொழிலில்தான் கற்றார் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. கடுங்குளிரில் கை மரத்துப் போகும். மரத்த கையோடு சுத்தியல் பிடிப்பவன் விரலில் பட்ட அடியை உடனே உணரமாட்டான். பின்னாளில் உணர்ச்சியற்ற கைகளையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட மனிதர், இளமையில் குளிர்நாட்டுக் கட்டட வேலையில் கைபழகியவர் என்பது பொருத்தமாகவே இருக்கிறது.

கட்டடத்திலிருந்து மருத்துவத்துக்கு

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு ஓராண்டு எளிய மருத்துவப் பயிற்சி தரும் வழக்கம் இருந்தது. தந்தை பெற்ற அதே பயிற்சியைப் பிராண்டும் பெற்றார். அப்போது மருத்துவமனை ஒன்றில், இரத்தம் பெரிதும் இழந்து வெளுத்துப் பிணம்போல் கிடந்த பெண்ணொருத்திக்குப் பிறர் இரத்தத்தை ஏற்றுவதை அவர் கண்டார். சிறிது நேரத்தில் கன்னத்தில் செம்மை படர்ந்தது, கண் விழித்தாள், தண்ணீர் கேட்டாள். சிறுவயதில் எந்த இரத்தத்தைக் கண்டு அருவருத்தாரோ அந்த இரத்தமே உயிரைத் திருப்பித் தருவதைக் கண்டதும் அவர் மனம் மாறியது. 1937-இல் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வயது 23. கட்டட வேலையில் போன ஆண்டுகள் வீண் என்றே அப்போது சிலர் நினைத்திருக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. இலண்டன்மீது குண்டுகள் பொழிந்தன. இடிந்த வீடுகளுக்குள்ளிருந்து எடுத்து வந்தவர்களின் நொறுங்கிய கைகளையும் கால்களையும் இரவு பகலாகத் திருத்தும் பணியில் அவர் அறுவை மருத்துவம் கற்றார். உடன் படித்த மார்கரெட் பெர்ரி அம்மையாரை 1943-இல் மணந்தார்.

வேலூருக்கு வருகை

ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் மருத்துவக் கல்லூரி அக்காலத்தில் பெண்களுக்கு மட்டுமானதாக இருந்து, பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர முயன்றுகொண்டிருந்தது. அறுவை மருத்துவம் கற்பிக்க ஆசிரியர் தேவைப்பட்டார். தொழுநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன் விடாமல் அழைக்கவே, பிராண்ட் 1946-இறுதியில் வேலூர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மார்கரெட் அம்மையார் குழந்தைகளோடு வந்தார். பின்னாளில் அவர் தொழுநோயால் கெடும் கண்களைக் காப்பதில் உலகறிந்த வல்லுநரானார்.

1947-இல் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கி வளைந்த விரல்களையுடைய கைகள் வரிசையாக இருந்தன. இக்கைகளைப் பற்றி எலும்பு மருத்துவர்கள் ஏன் ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். யாரும் முன்வரவில்லை என்பதுதான் விடை. நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி அவரை வலியால் துடிக்க வைத்தது. பிடித்தவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் பிராண்டுக்கு வழி திறந்தது. கை செத்துவிடவில்லை; முழங்கையின் கீழுள்ள பெருந்தசைகள் முழு வலிமையோடு இருக்கின்றன; உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன. கட்டடத்துக்கு வருவோமானால், வீடு இடிந்துவிடவில்லை. ஒரு தாங்கி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. வலிமையாய் இருக்கும் வேறொன்றிலிருந்து தாங்கல் கொடுத்தால் வீடு நிற்கும்.

அவரும் அவர் குழுவினரும் இறந்த நோயாளிகளின் நரம்புகளை ஆராய்ந்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், நரம்பு தோலுக்கு அருகே ஓடும் பகுதிகளில் மட்டும் வீக்கம் கண்டார்கள். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களையே நாடி வளர்வது இதற்குக் காரணம். மூக்கு, காது, விரல்கள், மேலோட்டமான நரம்புகள் ஆகியவை உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தவை. இக்கண்டுபிடிப்பால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. எந்தத் தசை கெடும், எது கெடாது என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கெடாத தசையை நம்பி வேலையைத் தொடங்க முடிந்தது.

கையை நிமிர்த்திய முறை

1948-இல் முதல் அறுவைகள் நடந்தன. நல்ல நிலையில் உள்ள தசையொன்றின் நாணை எடுத்து, தோலுக்கடியில் புதுவழியாகக் கொண்டுசென்று, விரல்களில் இணைத்தார். நாண் எங்கே திரும்புகிறது, எவ்வளவு இழுவிசை வேண்டும், நெம்புகோலின் நீளம் என்ன என்பவற்றையெல்லாம் அவர் ஒரு தச்சர் கணக்கிடுவதுபோலக் கணக்கிட்டார். 1985-இல் அவர் வெளியிட்ட கை இயக்கவியல் நூலில் விசை, திருப்புத்திறன், உராய்வு என நம் முதலாண்டுப் பாடத்தின் சொற்களே நிறைந்திருக்கின்றன.

அறுவை முடிந்த கையை ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டில் அசையாமல் வைப்பார்கள். பின்னர் நாள்தோறும் பயிற்சி. முன்பு ஒரு வேலையைச் செய்த தசை இப்போது வேறு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படுகிறவன் தளத்தை இழப்பான் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அவ்விதி இங்கும் செல்லும்.

அக்காலத்தில் தொழுநோயாளரைப் பொது மருத்துவமனையில் சேர்ப்பதற்கே எதிர்ப்பு இருந்தது. தசையில் வைத்த தையல் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டின் அறுவைகள் ஆறின. நோயாளியின் சதை மற்றவர் சதை போன்றதே என்று நிலைநாட்டின.

நவஜீவ நிலையம்

ஆனால் கை நிமிர்ந்தவர்கள் சில மாதங்களில் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடவில்லை. வேலையும் யாரும் கொடுக்கவில்லை. வீடும் யாரும் வாடகைக்கு விடவில்லை. கையைத் திருத்தினால் போதாது, அக்கைக்கு ஒரு தொழில் வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார்.

1951-இல் பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தோன்றியது. பெரிய கட்டடம் ஒன்றும் எழவில்லை. மண்சுவரும் கூரையும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட குடிசைகளே எழுந்தன. கான்கிரீட் தெரிந்த மனிதர் ஏன் மண்ணால் கட்டினார்? பணக் குறைவு ஒரு காரணம். மற்றொன்று, அங்கே தங்குபவர்கள் திரும்பிப் போய் வாழப்போவது அத்தகைய ஊர்களில், அத்தகைய வீடுகளில்தான். மாளிகையில் பழகியவன் குடிசையில் புண்ணைக் காத்துக்கொள்ள அறியான். இடத்துக்கு ஏற்ற கட்டடம் என்பதுதான் கட்டடக் கலையின் உயிர்.

அங்கே இளைஞர்கள் தச்சு கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். பிராண்ட் பட்டறையில் அவர்களோடு நின்று உளி பிடித்தார். அந்தப் பட்டறையே அவருக்கு ஆய்வுக்கூடமும் ஆயிற்று. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்க வரவில்லை. பக்கத்திலிருந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது, சதை எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. விரல்கள் குறைவது நோயால் அழுகி உதிர்வதால் அன்று. வலி தெரியாத கை நாள்தோறும் படும் காயத்தால்தான் என்பது இவ்வாறு ஒவ்வொன்றாக விளங்கியது. சிலர் காலையில் எழும்போது விரல் நுனி காணாமற் போயிருந்தது. இரவில் காத்திருந்து பார்த்ததில், தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துத் தின்பது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள்!

வலியை நாம் பகையாக நினைக்கிறோம். பிராண்டோ அதைக் காவலாளியாகக் கண்டார். அவர் வாழ்வில் ஓர் இரவு இதை நன்கு காட்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், நெடும் பயணத்துக்குப்பின் காலணியைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியில்லை எனக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்து, மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டியதை எண்ணி இரவெல்லாம் விழித்திருந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். வலி உயிர் போயிற்று. வண்டியில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

செருப்பும் கடைக்காலும்

நம் பகுதி தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றது. என் தாயார் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். ஆகவே பிராண்ட் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, அவர் செருப்பைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியாகும்.

ஒன்பது அங்குலச் சுவரை நேரே மண்மேல் எழுப்பினால் அது மண்ணில் இறங்கும். அதன்கீழ் மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட் படுகை போட்டால், அதே எடை நான்கு மடங்கு பரப்பில் பரவி, மண்மேல் விழும் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. பாதத்துக்கும் இதே கணக்குத்தான். 60 கிலோ எடையுள்ளவர் ஓர் அடி எடுத்து வைக்கையில், பாதம் முழுவதும் 100 சதுர சென்டிமீட்டர் படிந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ எடைதான் விழும். அவ்வெடை முழுவதும் 5 சதுர சென்டிமீட்டர் எலும்பு முனையில் இறங்கினால் 12 கிலோ! இருபது மடங்கு.

நமக்கு ஓரிடத்தில் அழுந்தினால் உடனே காலை மாற்றி ஊன்றுகிறோம். உணர்ச்சி இல்லாதவர் மாற்றமாட்டார். ஒரே இடத்தில் ஆயிரம் அடிகள் விழுந்து அங்கே புண் ஆகிறது. பெரிய அடி தேவையில்லை. சிறிய அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதே போதும் என்பதைப் பிராண்ட் பிற்காலச் சோதனைகளில் மெய்ப்பித்தார். புண்ணுக்கு மருந்து தடவுவதோடு நில்லாமல், மாவுக்கட்டால் பாதத்தைப் போர்த்தி அழுத்தத்தைப் பரப்பினார். ஆறாதிருந்த புண்கள் ஆறின. பிறகு மறுபடி வாராமல் இருக்கக் காலணி தேவைப்பட்டது. பல பொருள்களைச் சோதித்துப் பார்த்தபின், நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பரை உள்தளமாகவும் கடினமான அடித்தளத்தைக் கீழேயும் கொண்ட செருப்பு உருவாயிற்று. கறிகிரியில் இத்தகைய காலணி செய்யும் பணி வளர்ந்தது. இன்று சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி இழந்தவர்களுக்குத் தரும் மென்காலணியும் இந்த ஆராய்ச்சியின் கொடையே. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அதை அணிந்திருக்கக் காணலாம்.

கறிகிரியும் பின்னாளும்

காட்பாடியை அடுத்த கறிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955-இல் தொடங்கியது. பிராண்டின் முறைகள் அங்கே தழைத்தன. அது வறண்ட பொட்டல் நிலம். மண்ணரிப்பைத் தடுத்து மரங்களை வளர்த்து அதைச் சோலையாக்கியவர் பிராண்டின் உடன் பணியாளரான டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி. கொல்லிமலை முதியவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1960-இல் லாஸ்கர் விருதும், மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. சிறப்பும் பிராண்டுக்குக் கிடைத்தன. 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் ஊரிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, இருபது ஆண்டுகள் உணர்ச்சியற்ற கை கால்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய தாயார் ஈவ்லின் அம்மையாரோ, முதுமையிலும் கொல்லி முதலிய மலைகளிலேயே மட்டக்குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்து, 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்து, கணவர் கல்லறையின் அருகே கொல்லிமலையில் அடக்கமானார். பிராண்ட் 2003 ஜூலை 8-ஆம் நாள் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் தம் 88-ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

இனி அந்த முதிய தச்சரைப் பற்றி. இளமையில் நோய் கண்டு, பாகாயத்தில் கை திருத்தப்பட்டு, தச்சும் அங்கேயே கற்றவர் அவர். நோய் முற்றும் நீங்கியவர். ஆனால் இரண்டு விரல்கள் குட்டையாக இருக்கும். அவருடைய சுத்தியலுக்கும் உளிக்கும் கைப்பிடி மற்றவர் கருவிகளைவிடத் தடிமனாக இருந்ததாம். உணர்ச்சியற்ற கை எதையும் தேவைக்குமேல் இறுக்கிப் பிடிக்கும் என்பதால், அழுத்தம் பரவ அப்படிச் செய்துகொடுத்திருந்தார்கள். நாள்தோறும் வேலை முடிந்ததும் இரு கைகளையும் விளக்கடியில் விரித்து, காயம் ஏதும் உண்டா என்று பார்த்துக்கொள்வாராம்.

என் தந்தையார் இளைஞராக இருந்தபோது ஒரு வீட்டு வேலையில், வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மறுநாள் முதல் அவர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று தச்சரிடம் பொய் சொல்லி அனுப்பினார். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனாராம். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பொய்யை என் தந்தையாரால் மறக்க முடியவில்லை. கான்கிரீட்டில் போட்ட கோடுபோல அது அவர் மனத்தில் இறுகிவிட்டது.

தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க 1898-இல் இயற்றிய சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. பன்மருந்துச் சிகிச்சை 1980-களில் வந்து நோயை முற்றும் குணப்படுத்துகிறது. நாட்டின் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோய் 2005-இல் நீங்கியதாக இந்திய அரசு அறிவித்தது. ஆயினும் உலகில் இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர். சட்டமும் மருந்தும் நம்மைவிட முன்னே போய்விட்டன. ஒரு வீட்டு வாசலில், ஒரு தேநீர்க் கடையில், நாம்தான் பின்தங்கி நிற்கிறோம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாள்களில் தந்தையாரோடு கலவை போடவும் ஜல்லி சுமக்கவும் போவேன். சென்ற கோடையில் அப்படி ஒரு நாள், வகுப்புத் தோழர் இருவர் அவ்வழியே வருவதைக் கண்டு, கையிலிருந்த பாண்டை இறக்கிவிட்டுச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். தந்தையார் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவுதான், பாகாயத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தாராம், முதலில் கொத்தனாராம் என்று பேச்சுவாக்கில் தொடங்கினார்.

படித்தவர் கையால் வேலை செய்யலாகாது, கையால் வேலை செய்பவர் படிக்க இயலாது என்னும் இரண்டு பொய்களையும் டாக்டர் பிராண்டின் வாழ்க்கை ஒருங்கே உடைக்கிறது. அவர் கொத்துக் கரண்டியை விட்டுவிட்டுக் கத்தியை எடுக்கவில்லை. கரண்டி கற்பித்ததைக் கொண்டே கத்தியைப் பிடித்தார். இக்கட்டுரையை எழுதி முடித்த பின் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். தச்சரைப் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். வரும் விடுமுறையில், சாலையோரமாக இருக்கும் பக்கத்துச் சுவரை நானே கட்டப்போகிறேன்.